அணைந்து அணைந்து எரிந்த ஜிபிஎஸ்

ஈப்போவில் இறங்கிய நாளில் எனக்குத் துணை ஒரு கையடக்க ஜிபிஎஸ் மட்டும்தான். சாயங்காலம் ஓட்டல் அறையில் அதன் பொத்தானை அழுத்தினேன். கண் திறக்கவில்லை. இன்னொரு தரம் அழுத்தினேன். கறுப்புக் கண்ணாடியில் என் மூஞ்சிதான் தெரிந்தது.

மணப்பாறையில் ஒரு தனியார் சர்வேயரிடம் சங்கிலி பிடிக்கிற வேலை எனக்கு. இப்போது சங்கிலி கிடையாது, டேப்பும் இந்தப் பெட்டியும்தான். வேலையின் பேர் மட்டும் மாறவில்லை. பத்தாவது வரை படித்திருக்கிறேன். வெளியாட்களிடம் பேசுவதென்றால் வாயில் சொல் வராது. வயலிலும் பொட்டலிலும் கல்லைத் தேடுகிற வேலை என்பதால் அந்தக் குறை வெளியே தெரியாமல் இத்தனை வருஷம் ஓடிவிட்டது. பெட்டி ஆபீஸுடையது. சோப்புக் கட்டியை விடக் கொஞ்சம் பெரியது. முதுகில் இரண்டு பென்சில் செல் போட வேண்டும்.

நான் ஏன் வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் தம்பி சேகர் மலேசியாவில், இந்தப் பேராக் மாநிலத்தில், பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தான். அங்கேயே காய்ச்சல் கண்டு இறந்தான். அது கொரோனாக் காலம், விமானங்கள் ஓடவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் சுங்காய்ப் பக்கம் ஒரு பழைய கித்தாத் தோட்டத்து மயானத்தில் அவனைப் புதைத்தார்கள். அங்கே ரப்பருக்குக் கித்தா என்று பேர். பல வருஷம் முன்னால் கித்தா மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோதே மயானம் நடுவே சிக்கிக்கொண்டது. சேகரின் அறையில் இருந்த ராசு, பரமக்குடிக்காரன், குழிமேட்டில் நின்று போனில் அந்த இடத்தின் ஜிபிஎஸ் எண்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினான். அதைப் பார்க்கும்போதெல்லாம் தம்பி அங்கே இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. அப்பா அம்மா போய்ப் பல காலம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

இந்த வருஷம் ராசு விசா முடிந்து ஊர் திரும்பினான். வந்ததும் போன் செய்தான். “அண்ணே, அந்தப் பிளாக்ல மரம் பழசாப்போச்சு. வெட்டிப்புட்டு மறுபடி நடப்போறாங்க. சொந்தக்காரங்க வந்து கம்பு நட்டு, செவப்புத் துணி கட்டி, பேரு குடுத்தா அந்தக் குழிய மட்டும் தோண்டி டவுன் மயானத்துக்கு மாத்துவாங்க. துணி இல்லாததுக்கு மேல மெஷின் ஏறிரும்ணே.”

ஆகவே ராசு தந்த எண்களைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஊரில் ஏற்றியபோது நன்றாகத்தான் எரிந்தது.

முதல் நாள் ராத்திரிச் சாப்பாடு ஒரு வாழை இலைக் கடையில். மதிற்சுவர் மாதிரி சுண்ணாம்பு மலைகள் ஊரைச் சுற்றி நிற்கின்றன. எங்கள் ஊர்ப் பக்கம் பாறைகள் தரையோடு குந்தியிருக்கும். இவை தரையில் நட்ட கல் போல நேராக ஏறுகின்றன. கடைக்காரர் வேகமாக ஏதோ கேட்டார். புரிந்தும் புரியாமலும் பக்கத்து மேஜை இலையைக் கைகாட்டினேன். அதில் இருந்ததெல்லாம் எனக்கும் வந்தது. நண்டு உட்பட. நண்டு எனக்கு ஆகாது. சொல்லக் கூச்சப்பட்டு, சோற்றுக்கு அடியில் மறைத்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் காலையில் செல் வாங்கப் போனேன். கடிகாரமும் டார்ச்சும் விற்கிற சிறு கடை. ஒரு சீனத்து அம்மாள் உட்கார்ந்திருந்தார். பெட்டியை நீட்டினேன். அவர் மூடியைத் திருகிக் கழற்றி, என் செல்களை மீட்டரில் வைத்துப் பார்த்து, மலாயில் ஏதோ சொன்னார். பக்கத்தில் கடிகாரத்துக்கு வார் போட வந்திருந்த தமிழர் மொழிபெயர்த்தார்.

“ரெண்டும் செத்துப்போச்சுன்னு சொல்றாங்க. பேக்குக்குள்ள பொத்தான் அமுங்கி, வழியெல்லாம் எரிஞ்சிருக்கும். பயணம் போறப்ப பேட்டரிய வெளிய எடுத்து வைக்கணுமாம்.”

புதுச் செல் போட்டதும் பெட்டி உயிர் பெற்றது. அந்த அம்மாள் இன்னொரு ஜோடியையும் என் பையில் போட்டு, குழந்தைக்குச் சொல்வது போல விரலை ஆட்டி ஏதோ எச்சரித்தார். அதை மொழிபெயர்க்கத் தமிழர் அங்கே இல்லை. வார் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பக்கத்துப் புல்திடலில் நடந்து பார்த்தேன். வானம் திறந்திருந்தது. திரையில் சேகரின் இடம் கொடியாகத் தெரிந்தது. அரைமணி போயிருக்கும், பேட்டரி தீர்ந்துவிட்டது என்று ஓர் அறிவிப்பு. அணைந்தது. அன்றைக்கு வாங்கிய செல். போய்க் கேட்கலாம். ஆனால் என்னென்று கேட்பது? ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து மெனுவை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒருவழியாகக் கண்ணில் பட்டது. எங்கள் ஆபீஸில் சார்ஜ் ஏற்றுகிற செல்தான் போடுவோம். பெட்டியிலும் அந்த வகை என்றே பதிந்து வைத்திருந்தது. சாதாரணச் செல்லின் மின்னழுத்தத்தை அந்தக் கணக்கில் பார்த்து, பாதியிலேயே தீர்ந்ததாக முடிவு கட்டியிருக்கிறது. வகையை மாற்றினேன். வெளிச்சத்தையும் குறைத்தேன். இருட்டும்வரை அணையவில்லை. ஒரு கடையில் தே தாரே குடித்தேன். நம்மூர் டீதான், இன்னும் உயரத்திலிருந்து ஆற்றுகிறார்கள். பெட்டி எரிகிறது என்கிற சந்தோஷத்தைச் சொல்ல ஆள் இல்லை. பெட்டியை மேஜையில் வைத்து அதைப் பார்த்தபடியே குடித்தேன்.

மூன்றாம் நாள் ரயில். சுங்காய் வந்ததும் எழுந்து கதவுக்கு முன்னால் நின்றேன். ரயில் நின்றது. கதவு திறக்கவில்லை. திறக்கும் என்று நின்றேன். ரயில் கிளம்பிவிட்டது. அடுத்து ஸ்லிம் ரிவரில் ஒரு மலாய்ப் பெண் எனக்கு முன்னால் கையை நீட்டிக் கதவோரத்துப் பொத்தானை அழுத்தியபோதுதான் விஷயம் விளங்கியது.

நிலையத்து வாசலில் ஒரு காரில் சாய்ந்து நின்றவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “எங்க போவணும்ணே?”

“சுங்காய்.”

“சுங்காய் பின்னாடி போச்சே லா. பொத்தான அமுக்கலையா?” சிரித்தார். “வாரத்துக்கு ஒரு ஆளு இப்படி வாராங்க. எனக்கு நல்லதுதான். ஏறுங்க.”

அவர் பேர் அந்தோணி. சுங்காய்க்காரர். அவருடைய அப்பா அம்மா கித்தாத் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். இவர் வாடகைக் கார் ஓட்டுகிறார். காரை அங்கே காடி என்கிறார்கள், பேச்சுக்கு நடுவே சும்மா ஒரு ‘லா’ சேர்த்துக்கொள்கிறார்கள். வழியில் அவர் கேட்கக் கேட்க, ஒவ்வொரு சொல்லாக என் கதை வெளியே வந்தது. தம்பி, குழி, செம்பனை, சிவப்புத் துணி. பிறகு சுங்காயில் ஒரு துணிக்கடை முன்னால் நிறுத்தி, அவரே இறங்கிப் போய்ச் சிவப்புத் துணி வாங்கி வந்தார்.

“ரொம்ப நன்றிங்க சார்” என்றேன்.

“சாரா? நான் என்ன வாத்தியாரா? அந்தோணின்னு கூப்புடுங்க லா.”

தார் ரோடு முடிந்து செம்மண் பாதை ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் செம்பனை. ஒரு மரத்தைப் பார்த்தால் எல்லா மரத்தையும் பார்த்த மாதிரி. எந்தச் சந்தில் திரும்பினாலும் அதே சந்து. எங்கள் ஊரில் ஒரு வேம்பு, ஒரு கிணறு, ஒரு மின்கம்பம் என்று அடையாளம் வைத்துக்கொள்வோம். இங்கே அடையாளத்துக்கு ஒன்றுமில்லை. அந்தோணியின் போனில் வரைபடம் நின்றுவிட்டது. லைன் இல்லை. சாம்பல் கட்டத்தில் ஒரு நீலப் புள்ளி மட்டும் மிதந்தது.

“இனிமே உங்க மெஷின்தாண்ணே வழி சொல்லணும்” என்றார்.

நான் பெட்டியைப் பார்த்தேன். வலது பக்கம் என்று அம்பு காட்டியது. சொன்னேன். திரும்பினார். ஒரு பள்ளத்தில் காடி தூக்கிப் போட்டது. பெட்டி அணைந்தது.

மறுபடி போட்டேன். வானத்தைத் தேடி, இடத்தைப் பிடித்து, அம்பு காட்டுவதற்குள் இன்னொரு பள்ளம். அணைந்தது. மூடியை விரலால் அழுத்திப் பிடித்தபடி போட்டேன். அப்போதும் அணைந்தது. செல்லை மாற்றினேன். அதேதான்.

“என்னண்ணே, என் மச்சான் மாதிரி இருக்கு ஒங்க மெஷின். கொஞ்சம் குலுக்கி எழுப்புனா படுத்துக்கிறான்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எவ்வளவு தூரம் வந்தோம், எந்தப் பக்கம் வந்தோம் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. சக்கரத் தடத்தைப் பார்த்துப் பார்த்து வந்த வழியே திரும்பினோம். தார் ரோட்டு முனையில் தகரக் கூரை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை. கடைக்கார அக்கா அந்தோணியைப் பார்த்ததும், “பசியாறியாச்சா? என்ன, ஒன் காடி மொகமெல்லாம் சேறு?” என்றார்.

“காடி நல்லா இருக்கு அக்கா. அண்ணன் மெஷின்தான் ரோசாக்.”

ரோசாக் என்றால் பழுது. வாழை இலையில் பொதிந்த தேங்காய்ப்பால் சோறும் நெத்திலிச் சம்பலும் வந்தன. சாப்பிடாமல் மூடியைக் கழற்றிச் செல்களை வெளியே எடுத்து, உள்ளே வெயில் படும்படி பெட்டியைச் சாய்த்தேன். இத்தனை வருஷம் செல் மாற்றியிருக்கிறேன், அடியில் எட்டிப் பார்த்ததில்லை. சுருள் கம்பியின் அடியில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு பொருக்கு. அதன் ஓரத்தில் பச்சையாகக் களிம்பு.

நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். சந்தனம்.

ஆயுத பூஜைக்கு ஆபீஸில் எல்லாக் கருவிக்கும் பொட்டு வைப்போம். முக்காலிக்கு, டேப்புக்கு, கடப்பாரைக்கு. இந்தப் பெட்டிக்கு முன்னால் வைத்தால் கண்ணாடி கெடும் என்று முதுகில், மூடிக்கு மேலேயே வைப்போம். அடுத்த நாள் ஈரத்துணியால் துடைப்போம். துடைக்கும்போதெல்லாம் கரைந்த சந்தனமும் குங்குமமும் மூடி இடுக்கில் இறங்கிக் கம்பியில் படிந்திருக்கின்றன. கெட்டியான தரையில் நடந்தவரை செல் எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்தது. இங்கே குலுங்கியதும் விட்டுப்போகிறது.

அந்தோணிக்குச் சொன்னேன். அவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

“சாமி கும்புட்டே மெஷின கொன்னுட்டீங்களேண்ணே!”

“ஒன் காடிக்கு ஒங்க சர்ச் ஃபாதர் தண்ணி தெளிச்சாரே, அப்புறம் என்ன ஆச்சு? சொல்லு” என்றார் அக்கா அடுப்படியிலிருந்து.

அந்தோணி சிரிப்பை நிறுத்தினார். “அன்னைக்கே ஏர்கான் போச்சு” என்றார்.

இந்தத் தடவை எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா பாதி எலுமிச்சம்பழமும் பல்குத்தும் குச்சியும் விளக்குத் திரிப் பஞ்சும் கொண்டுவந்து வைத்தார். குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, எலுமிச்சைச் சாற்றில் தொட்டுத் துடைத்தேன். பச்சை நுரைத்து வந்தது. வெறும் தண்ணீர் தொட்டு ஒருமுறை, காய்ந்த பஞ்சால் பலமுறை. அந்தோணி தன் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை உருவித் தந்தார். சிறியதாக மடித்துச் சுருளுக்கும் செல்லுக்கும் நடுவே வைத்தேன். செல் இறுக்கமாக உட்கார்ந்தது. பெட்டியை மேஜையில் தட்டினேன். எரிந்தது. அந்தோணி வாங்கிப் பலமாகத் தட்டினார். எரிந்தது. “போதும் லா, மேஜைய ஒடச்சிராத” என்றார் அக்கா.

கிளம்பலாம் என்று எழுந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பேராக் மழை தூறிப் பழக்கமில்லாத மழை. ஓடு உடைகிற மாதிரி கொட்டியது. அந்தச் செம்மண்ணில் இனி காடி ஏறாது என்றார் அந்தோணி. என்னைச் சுங்காயில் தன் வீட்டுக்கே கூட்டிப்போனார். அவர் மனைவி சார்டின் சம்பல் வைத்தார். பிள்ளைகள் டிவிக்காகச் சண்டை போட்டார்கள். அந்தோணியின் அண்ணன் வந்தார், இருவரும் ஏதோ பழைய கால்பந்து ஆட்டத்தைப் பற்றி ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். எல்லோரும் என்னிடம் நன்றாகத்தான் பேசினார்கள். ஓட்டல் அறையில் தனியாக இருந்தபோது கூட இவ்வளவு தனியாக இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நான்காம் நாள் காலையில் மண் இறுகியிருந்தது. போனோம். பள்ளத்தில் காடி தூக்கிப் போட்டது, பெட்டி எரிந்தது. இடது, நேர், மறுபடி இடது. ஒரு வாய்க்காலோடு பாதை முடிந்தது. பலகை வழியாகக் கடந்து நடந்தோம். காய்ந்த மட்டைகள் காலடியில் நொறுங்கின. அம்பு நேராகக் காட்டியது. தூரம் குறைந்துகொண்டே வந்தது.

பழைய மயானம் என்று பார்த்தவுடன் தெரிந்தது. அங்கங்கே தோண்டி எடுத்த குழிகள் வாய் திறந்து கிடந்தன. பேர் எழுதிய கல் வைத்திருந்த குடும்பத்தார் ஏற்கெனவே வந்து எடுத்துப் போயிருக்கிறார்கள். அம்பு ஓரத்துக்குக் கூட்டிப் போனது. அங்கே பெட்டி, வந்து சேர்ந்துவிட்டாய் என்றது.

அந்தோணி புதர்களை விலக்கினார். ஒரு மேடு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் பக்கத்தில் இன்னொன்று. மூன்றுக்கும் கல் இல்லை, பேர் இல்லை. மூன்றும் ஒரே வயது மாதிரி தாழ்ந்திருந்தன.

முதல் மேட்டில் பெட்டியை வைத்தேன். வந்து சேர்ந்துவிட்டாய் என்றது. இரண்டாவதில் வைத்தேன். அதையே சொன்னது. மூன்றாவதிலும் அதையேதான்.

“மறுபடி ரோசாக்கா?” என்றார் அந்தோணி.

“இல்ல. நல்லா இருக்கு” என்றேன்.

அதுதான் கஷ்டம். பெட்டியில் குறையில்லை. தலைக்கு மேல் மட்டைகள் வானத்தை மூடியிருக்கிற இடத்தில் இந்த மாதிரிக் கருவி சில அடி முன்னே பின்னே காட்டும். ராசு போனில் படம் எடுத்தபோதும் இதே மட்டைகள் இருந்திருக்கும். அதுவும் சில அடி தள்ளித்தான் காட்டியிருக்கும். இரண்டையும் சேர்த்தால் மூன்று மேடும் அந்தத் தவறுக்குள் அடங்கிவிடும். வரப்புத் தகராறில் இதை ஊராருக்கு எத்தனையோ தரம் நான் விளக்கியிருக்கிறேன். பெட்டி ஊருக்குக் கொண்டுவந்து விடும், வாசலைக் காட்டாது என்பேன். முதல்முறையாக எனக்கே அதைச் சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு மேட்டிலும் வெகுநேரம் பெட்டியை வைத்து, எண்கள் நிலைக்கட்டும் என்று காத்திருந்தேன். அவை நிலைக்கவில்லை.

லைன் கிடைக்கிற ரோட்டுக்குப் போய் ராசுவைக் கூப்பிட்டோம். “மூணா? நாங்க பொதைக்கிறப்ப ஒண்ணுதாண்ணே இருந்துச்சு. மத்தது அப்புறம் வந்திருக்கும். அந்த சமயத்துல நெறைய பேரு...”

மேடுகளுக்குத் திரும்பி வந்தோம். அந்தோணி தயங்கிச் சொன்னார். “நடுவுல உள்ளதுல கட்டிருங்கண்ணே. யாரு பாக்கப் போறா? சேகருக்குப் புரியும்.”

நான் அங்கேயே உட்கார்ந்தேன். நடுவில் இருப்பது சேகராக இருக்கலாம். இல்லாமலும் போகலாம். அப்படியானால் வேறு யாரையோ டவுனுக்குக் கூட்டிப்போய்விட்டு, அவனை மெஷினுக்கு அடியில் விட்டுவிடுவேன். மற்ற இரண்டு பேருக்கும் ஆள் வரவில்லை என்பது கம்பு இல்லாததிலேயே தெரிந்தது. அவர்களுக்கும் எங்கோ ஒரு வீடு இருக்கும். அந்த வீட்டில் இருப்பவருக்கு எண் அனுப்ப ராசு மாதிரி ஒருவன் வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தோணியிடம் மூன்று கம்பு வெட்டச் சொன்னேன். துணியை மூன்றாகக் கிழித்தேன்.

கட்டி முடிக்கும்போது மோட்டார் சத்தம். தோட்டத்து மண்டோர், வேலையாட்களை மேய்க்கிற மலாய்க்காரர், வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். மூன்று துணியையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். பேசினார்.

அந்தோணி என் பக்கம் திரும்பினார். “ஒரு ஆளு வந்து மூணு குழிக்குத் துணி கட்டுனா எப்படின்னு கேக்குறாருண்ணே. சொந்தம்னாதான் எடுப்பாங்களாம். நீங்க யாருன்னு கேக்குறாரு.”

நானே பதில் சொன்னேன், மண்டோரின் முகத்தைப் பார்த்து, தமிழில். “மூணு பேரும் என் தம்பிங்க.”

அந்தோணி அதை மலாயில் சொன்னார். மண்டோர் சட்டைப் பையிலிருந்து தடித்த மை பேனாவை எடுத்து முதல் கம்பின் முன்னால் குந்தினார்.

“பேரு கேக்குறாரு.”

“சேகர்.”

எழுதினார். இரண்டாவது கம்புக்கு நகர்ந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“சேகர்” என்றேன்.

அந்தோணி என்னைப் பார்த்தார். ஒரு கேலி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மண்டோரும் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அவரிடம் ஏதோ கேட்டார். அந்தோணி கொஞ்சம் நீளமாகவே பதில் சொன்னார். மண்டோர் தலையாட்டிவிட்டு எழுதினார். மூன்றாவது கம்பில் அவர் கேட்கவே இல்லை. அதே எழுத்துகளை அதே நிதானத்தோடு எழுதி, கம்பு சாயாமல் இருக்கக் காலால் மண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்தினார்.

“அவர்கிட்ட என்ன சொன்னீங்க?” என்று பிறகு கேட்டேன்.

“எங்க ஆளுங்க பழக்கம் அப்படித்தான்னு சொன்னேன்” என்றார் அந்தோணி.

கற்பூரம் ஏற்றினேன். ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கை மூன்று மேட்டிலும் வைத்தேன். அந்தோணி ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். டவுன் மயானத்துக்கு மாற்றுகிற அன்றைக்குத் தான் போய் நிற்பதாகச் சொன்னார்.

வெளியே வருகிற வழியெல்லாம் பெட்டி என் மடியில் எரிந்துகொண்டிருந்தது. பள்ளத்தில் காடி தூக்கிப் போட்டபோதும் அணையவில்லை. தார் ரோடு ஏறியதும் நானே பொத்தானை அழுத்தி அணைத்தேன். செல்களை வெளியே எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டேன்.